ஏழு மணிக்குப் பதினொரு பேர்

அத்தியாயம் 9

மூன்று மணிக்கு நீதிமன்றம். இப்போது பன்னிரண்டரை. இர்சா நீல்மார்க் ஒரு மனிதரைப் படிக்கட்டில் தள்ளிவிடவில்லை என்று நிரூபிக்க எங்கள் கையில் இருந்தது ஒரு பெருவிரல் மட்டும்.

"ஒரே ஒரு பெருவிரல்," என்றாள் ஹில்லெவி, காரை நிறுத்திக்கொண்டே. "யோசிச்சுப் பாரு ஆல்கோட்."

"யோசிச்சேன். எனக்கு ரெண்டு இருக்கு. இந்தக் குளிர்ல ரெண்டுமே வேலை செய்யல."

என் மனைவி சிரிக்கவில்லை. நாற்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, எரியாத வீடுகளையும் தொலையாத நகைகளையும் மோப்பம் பிடித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் யேவ்லெ நகரத்து வக்கீல்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவள் கார் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயை ஓட்டுவேன். அதுதான் எங்கள் வேலைப் பங்கீடு.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை, நவம்பர் ஒன்றாம் தேதி. ஆற்றங்கரைக் குடியிருப்பில் நாற்பத்து நான்கு வீடுகள். முற்றத்தின் மூலையில் நிலவறைக்குள் சலவை அறை. மாலை ஏழரைக்கு, ஓய்வுபெற்ற பல் மருத்துவர் எவெர்ட், சலவை அறைக் கதவு சாத்தாமல் கிடப்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தார். ஒன்பது படிகளுக்குக் கீழே பராமரிப்பாளர் ஃபோல்கெ தலையில் அடிபட்டுக் கிடந்தார். இன்றுவரை கண் திறக்கவில்லை.

மாதாமாதம் ஒன்றாம் தேதி மதியமே ஃபோல்கெ உள்ளே போய் இயந்திரங்களைச் சுத்தம் செய்வார், அன்று மாலை யாருக்கும் துவைக்கும் முறை கிடையாது. கதவுக்குச் சாவித் துவாரமே இல்லை. குடியிருப்பின் இணையதளத்துக்குள் போய்க் கைபேசியில் அமுக்கினால்தான் திறக்கும். யார் திறந்தார்கள் என்பது தானாகப் பதிவாகும். அன்று மாலை பதிவில் இருந்தது ஒரே வரி: பத்தொன்பது மணி, பூஜ்ய நிமிடம், ஒரு நொடி. இர்சா நீல்மார்க்.

இர்சா பேருந்து ஓட்டுநர். முந்தின வாரம்தான் முற்றத்தில் நின்று ஃபோல்கெவோடு நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போட்டிருந்தாள். துணி உலர்த்தும் இயந்திரத்தில் விட்டுப்போன நூல் பஞ்சைப் பற்றி. எங்கள் நாட்டில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் முப்பது வருடம் பேசாமல் இருந்தவர்களை நான் அறிவேன். போலீஸ் அன்றிரவே அவளைக் கூட்டிப் போனது. இன்று மூன்று மணிக்கு நீதிபதி காவலை நீட்டித்தால் அப்புறம் மாதக்கணக்கு. யாரையும் பார்க்க முடியாது, தொலைபேசி இல்லை, கடிதம்கூட இல்லை.

வக்கீல் மூலமாக இர்சா சொல்லியனுப்பியது ரொம்பக் கொஞ்சம். "நான் சமையலறையில நின்னுட்டிருந்தேன். ஏழு மணிக்கு எல்லாரையும் போல நானும் அமுக்கினேன். புதன்கிழமை காலை கெடச்சுது. அவ்வளவுதான்."

எல்லாரையும் போல. ஒன்றாம் தேதி மாலை ஏழு மணிக்குத்தான் அடுத்த மாதத்துத் துவைக்கும் நேரங்கள் தளத்தில் திறக்கும். நல்ல நேரமெல்லாம் முதல் நிமிடத்திலேயே போய்விடும். அதனால் ஏழடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே உருளைக்கிழங்கை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு ஒருவர் விரலை நீட்டிக்கொண்டு நிற்பார்.

"அந்த ஒரே நொடியில," என்றாள் ஹில்லெவி, "இர்சா புதன்கிழமை காலையைப் பிடிச்சிருக்கா. அதே நொடியில கதவையும் திறந்திருக்கா. நேரம் பிடிக்கறது ஒரு பக்கம், கதவு இன்னொரு பக்கம். இதுலேர்ந்து அதுக்குப் போக எனக்கு நாலு நொடி ஆச்சு."

"உனக்கு நாலுன்னா எனக்கு ஒரு வாரம்."

"அரசு வக்கீல் என்ன சொல்றார் தெரியுமா? கடிகாரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாமாம்." காதுக்குப் பின்னால் பென்சிலைச் செருகிக்கொண்டாள். "முன்னப்பின்ன இருக்கறது கடிகாரம் இல்ல."

குடியிருப்போர் சங்கத்தின் கூடத்தில் காப்பி தயாராக இருந்தது. தலைவி குன்வோர் ஹால்க்விஸ்ட் எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்பாடு செய்திருந்தார். ஏலக்காய் ரொட்டிகள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. பத்தொன்பது வருடமாகத் தலைவி. அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாதவர். அன்று ஏழடித்த முதல் இரண்டு நொடிக்குள் நேரம் பிடித்தவர்கள் பத்துப் பேர். இர்சாவைத் தவிர்த்து மீதி ஒன்பது பேரையும் கைபேசியோடு வரவழைத்திருந்தார்.

"நீங்க அன்னிக்கு என்ன நேரம் பிடிச்சீங்க குன்வோர்?" என்றாள் ஹில்லெவி.

"நான் ஏழு மணிக் கூட்டத்துல சேர்றதே இல்ல. தலைவியே நல்ல நேரத்தை எடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்? எல்லாரும் எடுத்தது போக மிச்சம் எதுவோ அது எனக்கு."

"அப்ப ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணி," என்றேன்.

"பெரும்பாலும் அதுதான்," என்றார் குன்வோர். எனக்கு இன்னொரு ரொட்டி கிடைத்தது.

மூலையில் மடிக்கணினியோடு டோர்கெல். இருபத்தொன்பது வயது, நகத்தைக் கடிக்கிற பையன். தளத்தைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதியவன் அவன்தான். ஊரில் அறுபது குடியிருப்புகள் அதைப் பயன்படுத்தின. ஹில்லெவி கூப்பிட்டதும் மறுக்காமல் வந்துவிட்டான். ஆனால் வந்ததிலிருந்து காப்பியைத் தொடவில்லை.

"தம்பி, குடி, ஆறுது," என்றேன்.

"வயிறு சரியில்ல."

"சரி, எல்லாரும் கேளுங்க," என்றாள் ஹில்லெவி. "திங்கட்கிழமை நடந்ததை மறுபடி நடத்தப் போறோம். டோர்கெல் பொய்யா ஒரு மாசத்தைத் திறந்து வெச்சிருக்கார். நான் விசில் அடிச்சதும் நீங்க ஒன்பது பேரும் உங்களுக்குப் பிடிச்ச நேரத்தை அமுக்கணும். அதே விசிலுக்கு என் புருஷன் முற்றத்துல நின்னு கதவைத் திறப்பார். விருந்தாளிக் கணக்கு ஒண்ணு அவருக்குக் கொடுத்தாச்சு. பதிவுல யார் பேர் வருதுன்னு பாப்போம்."

"நிஜமாவே அந்த நேரம் கெடைக்குமா?" என்றார் எவெர்ட்.

"கெடைக்காது."

"அப்ப எதுக்கு அமுக்கணும்?"

முற்றத்தில் ஈரப் பனி தூவிக்கொண்டிருந்தது. விசில் கேட்டது. அமுக்கினேன். கொஞ்சம் கழித்துப் பூட்டு க்ளிக் என்றது. உள்ளே ஓடி வந்தேன்.

பதிவில் தெளிவாக இருந்தது: விருந்தாளி.

இரண்டாம் முறை. விருந்தாளி. மூன்றாம் முறை. விருந்தாளி.

அப்போது மணி ஒன்று பத்து. ஒன்பது பேரும் பரிதாபமாக ஹில்லெவியைப் பார்த்தார்கள். நான் தலையில் விழுந்த பனியைத் தட்டிக்கொண்டு, "நாலாம் தடவைன்னா எனக்குக் காய்ச்சல், அதை யார் பேர்ல பதிவு பண்ணுவீங்க?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. குன்வோர் மெதுவாக, "பாவம் இர்சா," என்றார்.

ஹில்லெவி பதிவைப் பார்க்கவே இல்லை. எவெர்ட்டின் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன எவெர்ட், இன்னும் சுத்திட்டே இருக்கு?"

"அதான் நானும் பாக்கறேன். பக்கத்துல இவங்களுக்கு வந்துடுச்சு, அப்புறம் அவருக்கு வந்துது, எனக்கு இப்பத்தான் வருது. பத்து நொடி! இறைச்சிக் கடையில நம்பர் சீட்டு எடுத்துட்டு நிக்கற மாதிரி."

"திங்கட்கிழமையும் இப்படியா?"

"இல்லையே. அன்னிக்கு அமுக்கினேன், வந்துது."

"மத்தவங்களுக்கு?"

எல்லோருக்கும் அன்று உடனே வந்திருந்தது. ஹில்லெவி காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். அந்தப் பென்சில் எடுக்கப்பட்டால் யாரோ ஒருவருக்குப் பொழுது சரியில்லை என்று அர்த்தம். அவள் இல்லாத இந்த நாட்களில் அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, நான் அதைச் சீவுவதில்லை.

"டோர்கெல்," என்றாள், குரலை உயர்த்தாமல். "வரிசையை எப்பப் போட்டீங்க?"

பையனின் முகம் வெளுத்தது.

"எந்த வரிசை?"

"திங்கட்கிழமை எல்லாரையும் ஒரே சமயத்துல கவனிச்ச தளம், இன்னிக்கு ஒருத்தரை முடிச்சுட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுது. தானா மாறியிருக்காது."

டோர்கெல் மடிக்கணினியின் மூடியைப் பாதி சாத்தினான், திரும்பத் திறந்தான்.

"செவ்வாய்க்கிழமை காலையில."

"இர்சாவைப் பிடிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்ட பிறகு."

"ஆமா."

"சொல்லுங்க. எங்களுக்குப் புரியற மாதிரி."

"முதல்ல எழுதினப்ப ஒரு ஆள்தான் வேலை செய்யற மாதிரி இருந்துது. தளத்துக்குள்ள, ஒரு கவுண்டர், ஒரு ஆள்னு வெச்சுக்கங்க. யாராவது வந்தா, அவங்க பேரை ஒரு கரும்பலகையில எழுதுவான். வேலையை முடிப்பான். பலகையைப் பாத்துப் பதிவேட்டுல பேரை எழுதுவான். அப்புறம்தான் அடுத்த ஆள். அது சரியா நடந்துது. நான் தனியா எழுதினேன், தனியா சோதிச்சேன், ஒரு தப்பும் வரல."

"அப்புறம்?"

"ஒன்னாம் தேதி ஏழு மணிக்குத் தளம் திணறுதுன்னு எல்லாக் குடியிருப்பும் திட்டினாங்க. போன மாசம் ஒரு ஆளை எட்டு ஆளாக்கினேன். ஒரு எண்ணை மாத்தினா போதும். ஒண்ணை எடுத்துட்டு எட்டு. உடனே வேகம் வந்துடுச்சு. எல்லாரும் பாராட்டினாங்க." நகத்தைக் கடித்தான். "பலகையை மட்டும் எட்டாக்கல."

"எட்டு ஆளுக்கும் ஒரே பலகை," என்றாள் ஹில்லெவி. "ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் அழிச்சு எழுதிட்டுப் போவான்."

"நேரம் பிடிக்கறதுல பிரச்சினை இல்ல. வந்த உடனே பேரைப் பதிவு பண்ணிடும், அதுக்கப்புறம்தான் மெயில் அனுப்பற வேலையெல்லாம். கதவு அப்படி இல்ல. முதல்ல பூட்டோட பேசும். திறந்துதுன்னு பூட்டு பதில் சொல்ல ஒரு நொடி ஆகும். அதுக்கப்புறம்தான் பலகையைப் பாத்துப் பேரை எழுதும். திறக்காத கதவைத் திறந்ததா எழுதிடக் கூடாதேன்னு அப்படி வெச்சேன்."

"நியாயமான ஆளுய்யா நீ," என்றேன். "அதுக்குள்ள பலகையில வேற பேரு."

"தெரிஞ்சும் மூணு நாள் சும்மா இருந்தீங்க," என்றாள் ஹில்லெவி.

"அறுபது குடியிருப்பு! எல்லாக் கதவுப் பதிவும் பொய்யா இருக்கலாம்னு எப்படிச் சொல்வேன்? இர்சாவே திறந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு இல்லையா... அப்படி நெனச்சுக்கிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தினமும் அப்படி நெனச்சுக்கிட்டேன்."

"எட்டாக்குங்க."

அவன் ஒரு எண்ணை மாற்றினான். நான் நாலாம் முறையாகப் பனியில் நின்றேன். விசில். அமுக்கினேன். க்ளிக். ஓடி வந்தேன்.

பதிவில் இருந்தது: எவெர்ட்.

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்!" என்று எழுந்தே விட்டார் பல் மருத்துவர். "வாயில ரொட்டி இருக்கு!"

ஐந்தாம் முறை வேறொரு பெயர். ஆறாம் முறை இன்னொன்று. விருந்தாளி ஒரு முறைகூட வரவில்லை. ஹில்லெவி எல்லாவற்றையும் படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்பிவிட்டு அழைத்தாள். மணி ஒன்று ஐம்பது. நான் வக்கீலின் சந்தோஷக் கூச்சலை எதிர்பார்த்துக் கைபேசிக்குப் பக்கத்தில் காதை வைத்தேன்.

"நல்லா இருக்கு," என்றது வக்கீலின் குரல், தயங்கித் தயங்கி. "ஆனா இது 'இர்சாவா இல்லாம இருக்கலாம்'னுதான் சொல்லுது. அரசு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேப்பார். இர்சா இல்லேன்னா யாரு? அதுக்குப் பதில் இல்லேன்னா, விசாரணை முடியற வரைக்கும் உள்ளேயே இருக்கட்டும்பாங்க."

ஹில்லெவி கைபேசியை வைத்துவிட்டு டோர்கெல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வர்றவங்க பேரை பலகையில எழுதறான்னு சொன்னீங்க. அழிஞ்சு போறதுக்கு முன்னாடி அதை வேற எங்கயாவது குறிச்சு வெக்கறானா?"

டோர்கெல் நிமிர்ந்தான். "வாசல் பட்டியல் ஒண்ணு இருக்கு. யார் எப்ப உள்ள வந்தாங்கன்னு மட்டும். வரும்போதே எழுதிடும், அதுல கலப்படம் ஆகாது. நான் பழுது பாக்கறதுக்காக வெச்சது. யாரும் கேக்கல. போலீசுக்குக் கதவுப் பதிவை மட்டும்தான் சங்கத்துலேர்ந்து எடுத்துக் கொடுத்தாங்க."

"திங்கட்கிழமை ஏழு மணி. காட்டுங்க."

திரையை அவள் ஒருத்திதான் பார்த்தாள். பார்த்தது ஐந்து நொடி இருக்கும். எனக்கு அவள் முகம் தெரியும். ஒன்றுமே மாறவில்லை என்றால் எல்லாமே மாறிவிட்டது என்று பொருள்.

"அச்செடுங்க," என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி: "கணக்கு ரொம்ப எளிசு. அந்த ரெண்டு நொடியில தளத்துல பதினொரு காரியம் நடந்திருக்கு. பத்துப் பேர் நேரம் பிடிச்சாங்க. ஒருத்தர் கதவைத் திறந்தாங்க. பத்துப் பேரோட பேரும் தெரியும். வாசல் பட்டியல்ல பத்துப் பேரையும் அடிச்சுட்டா, மிச்சம் ஒருத்தர் நிப்பாங்க. வந்தாங்க, ஆனா அவங்க பேர்ல ஒரு வேலையும் நடக்கல. ஒன்னாம் தேதி ஏழு மணிக்கு வேடிக்கை பாக்க யாரும் வர மாட்டாங்க."

"நானே வந்தேன்னா நேரம் பிடிக்காம போக மாட்டேன்," என்று முணுமுணுத்தார் எவெர்ட்.

"குன்வோர், நீங்க தலைவி. நீங்களே படிங்க. ஆல்கோட், நீ அடிச்சுட்டே வா."

குன்வோர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அச்சுத்தாளை இரண்டு கையாலும் பிடித்து, ஆண்டுக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் கையைத் தூக்கினார். நான் அடித்தேன். எவெர்ட் தன் பெயருக்கு இரண்டு கையையும் தூக்கினார். ஆறாவதாக இர்சா நீல்மார்க். கை இல்லை. அடித்தேன்.

"இர்சா ஒரே தடவைதான் உள்ள வந்திருக்கா," என்றாள் ஹில்லெவி. "பத்து விரலும் பெருவிரலா இருந்தாலும் ரெண்டு வேலை செஞ்சிருக்க முடியாது. மேல படிங்க."

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. என் தாளில் பத்துப் பெயர்களும் அடிபட்டுவிட்டன.

குன்வோர் தாளை மேசைமேல் வைத்தார். விளிம்பு மேசை விளிம்போடு நேராக இருக்கும்படி வைத்தார்.

"அவ்வளவுதான்," என்றார்.

"பதினொரு வரி இருக்கு குன்வோர். இர்சாவுக்கு முன்னாடி ஒண்ணைத் தாண்டிட்டீங்க."

சுவர்க் கடிகாரம் இரண்டு பதினைந்து.

"முன்னாடியே தெரிஞ்சுதான் என்னைப் படிக்கச் சொன்னீங்க," என்றார் குன்வோர்.

"ஆமா. நீங்களே படிச்சா நல்லதுன்னு நெனச்சேன். உங்களுக்கு."

குன்வோர் தாளை மறுபடி எடுத்தார். "குன்வோர் ஹால்க்விஸ்ட்," என்று படித்தார். அதே குரல். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

ஒன்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஹில்லெவியை மட்டும் பார்த்துப் பேசினார்.

"ஃபோல்கெவை வேலையிலேர்ந்து எடுக்கற கடிதம். சங்கக் குழு முடிவு பண்ணிட்டுது, கொடுக்க வேண்டியது நான். இருபத்தாறு வருஷம் இங்க இருந்தவர். நாலு பேர் பாக்க அதைக் கொடுக்க எனக்கு மனசு வரல. ஒன்னாம் தேதி ஏழு மணிக்கு முற்றத்துல ஈ காக்கா இருக்காது, ஜன்னல்லகூட ஒருத்தர் நிக்க மாட்டாங்க, எல்லாரும் போனுக்குள்ள இருப்பாங்க. அதான் அப்பப் போனேன். கதவைத் திறந்தேன். படியேறி மேல வந்து வாங்கினார். படிச்சார். திரும்ப என் கையிலயே திணிச்சார். நான் வாங்கல. மறுபடி நீட்டினார். தட்டிவிட்டேன்." நிறுத்தினார். "ஒன்பது படி. நான் கீழ இறங்கல. கடிதம் மேல் படியில கிடந்துது, அதை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"அடிபட்டவரை விட்டுட்டு கடிதத்தை எடுத்தீங்களா?" என்றார் எவெர்ட். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"போலீஸ் பதிவு கேட்டப்போ நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன்," என்றார் குன்வோர். "என் பேர் இருக்கும்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். கோட்டு மாட்டிட்டு, அடுப்பெல்லாம் அணைச்சுட்டு, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லத் தயாரா நின்னேன். பாத்தா இர்சா பேரு. எனக்கு ஒண்ணுமே புரியல. வாயைத் திறந்தா போதும். கோட்டைக் கழட்டி மாட்டினேன். அன்னிக்குத் திறக்காத வாயை அப்புறம் திறக்க முடியல."

டோர்கெல் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மூணு மணிக்கு விசாரணை," என்றாள் ஹில்லெவி. "அரசு வக்கீலுக்கு நான் போன் பண்ணணுமா, நீங்க பண்றீங்களா?"

குன்வோர் கைபேசியை எடுத்தார். ஹில்லெவி எண்ணைச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அமுக்கினார். இரண்டு இலக்கத்தில் விரல் தவறியது, அழித்து மறுபடி அமுக்கினார்.

அரசு வக்கீல் காவல் நீட்டிப்பு மனுவைத் திரும்பப் பெற்றபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

இர்சாவை நாங்கள்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வழியெல்லாம் அவள் கேட்டது ஃபோல்கெவைப் பற்றித்தான். இன்னும் கண் திறக்கவில்லை என்றோம். தள்ளியது யார் என்று அவள் கேட்கவில்லை, ஹில்லெவியே சொன்னாள். இர்சா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்தவள் உள்ளே போகாமல் நின்றாள். சமையலறை ஜன்னலில் வரிசையாகப் பூந்தொட்டிகள். ஜெரேனியம், பனிக்காலத்துக்காகக் கத்தரித்து வைத்தவை. அருகே போய் ஒரு தொட்டியில் விரலை வைத்தாள். அடுத்ததில் வைத்தாள். எல்லாவற்றிலும் மண் ஈரமாக இருந்தது. யாரோ வாடிய இலைகளைக்கூடக் கிள்ளி, காகிதத்தில் சேர்த்து, மடித்து வைத்திருந்தார்கள். மடிப்பு மேசை விளிம்போடு நேராக இருந்தது.

"மாற்றுச் சாவி குன்வோர்கிட்டதான் இருக்கு," என்றாள் இர்சா. "தினமும் வந்திருக்காங்க."

விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுக்கு நான் என்ன சொல்லணும், ஹில்லெவி?"

ஹில்லெவி அவள் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய், தண்ணீரைத் திறந்துவிட்டாள்.